ஜப்பானிய டாங்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து டாங்கிகளை பிளாஸ்டிக்கில் சின்ன அளவில் ஒட்டிச் சேர்ப்பது என் நெடுநாள் பழக்கம். வீட்டுக்கு வருபவர்கள் ஜெர்மன், ரஷ்ய வண்டிகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஜப்பான் வரிசைக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். அட்டைப் பெட்டியில் இருக்கும் எண்ணும் எழுத்தும் யாரையும் குழப்பும். வருபவர் மாறினாலும் சந்தேகம் அதேதான். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திருப்பிச் சொல்லவில்லை, ஆகவே மேலிருந்தே படியுங்கள்.

டாங்கின்னா பீரங்கிதானே? ஏன் ரெண்டு பேர்?

இரண்டும் ஒன்றல்ல. குண்டு சுடும் பெரிய குழாய்தான் பீரங்கி. அதைச் சுமந்துகொண்டு, இரும்புத் தகடு போர்த்திய உடம்போடு, சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போகும் வண்டி டாங்கி. நம் செய்தித்தாள்களில் 'பீரங்கி வண்டி' என்று எழுதி எழுதி, கடைசியில் வண்டி உதிர்ந்து பீரங்கி மட்டும் நின்றுவிட்டது.

ஜப்பானிய மொழியில் டாங்கிக்கு 'சென்ஷா' என்று பெயர். சென் என்றால் போர், ஷா என்றால் வண்டி. பீரங்கிக்கு 'ஹோ' என்ற தனிச் சொல் இருக்கிறது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பெயர்கள் பாதி புரிந்துவிடும். டாங்கியின் தலையில் பீரங்கியோடு சேர்ந்து சுழலும் பகுதியை இந்தப் பக்கம் முழுக்க 'கூண்டு' என்றே எழுதுகிறேன்.

பெட்டில 'டைப் 97'ன்னு போட்டிருக்கு. 1997-ல செஞ்சதா?

இல்லை, 1937. ஜப்பானின் முதல் பேரரசராகச் சொல்லப்படும் ஜிம்மு அரியணை ஏறியதாக நம்பப்படும் கி.மு. 660-லிருந்து எண்ணும் ஆண்டுக் கணக்கு ஒன்று அங்கே இருந்தது. 1937 அந்தக் கணக்கில் 2597. அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் 97. 'டைப்' என்று நாம் படிப்பது ஜப்பானிய மொழியில் 'ஷிகி'.

இதே வழியில் டைப் 95 என்றால் 2595, அதாவது 1935. டைப் 89 என்றால் 1929. 1940-ல் ஆண்டு 2600 ஆனது. கடற்படை கடைசிப் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டது. 'ஜீரோ' என்ற பெயர்பெற்ற போர் விமானம் அப்படித்தான் வந்தது. தரைப்படை அதே ஆண்டுப் பொருள்களுக்கு 'டைப் 100' என்று பெயரிட்டது. 1941 முதல் மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. எனவே டைப் 1 டாங்கி டைப் 97-க்கு முந்தியது அல்ல, பிந்தியது. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

ஆனா டைப் 3 மெஷின் கன் முதல் உலகப் போர் காலத்துதுன்னு படிச்சேனே. டைப் 3 டாங்கி 1943-ன்னா, எது சரி?

இரண்டும் சரி. 1920-களின் பாதி வரை எண்ணை ஆளும் பேரரசரின் ஆட்சி ஆண்டிலிருந்து எடுத்தார்கள். டைப் 38 துப்பாக்கி மெய்ஜி ஆட்சியின் 38-ஆம் ஆண்டு, 1905. டைப் 3 இயந்திரத் துப்பாக்கி தைஷோ ஆட்சியின் 3-ஆம் ஆண்டு, 1914. டைப் 11 இலகு இயந்திரத் துப்பாக்கி தைஷோ 11, 1922. அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன 2500-களின் கணக்கு வந்தது.

போருக்குப் பின் அமைந்த தற்காப்புப் படை நாம் பயன்படுத்தும் ஆங்கில ஆண்டையே எடுத்துக்கொண்டது. டைப் 61, டைப் 74, டைப் 90, டைப் 10 டாங்கிகள் எல்லாம் அப்படி வந்தவை. ஆகவே டைப் 90 பீரங்கி 1930-ஐச் சேர்ந்தது, டைப் 90 டாங்கி 1990-ஐச் சேர்ந்தது. எண்ணைப் பார்த்ததும் ஆண்டைச் சொல்லிவிடாதீர்கள். எந்தப் பொருள், எந்தக் காலம் என்று முதலில் கேளுங்கள்.

சி-ஹா, சி-நு, கே-நி... இதெல்லாம் என்ன, மந்திரம் மாதிரி இருக்கே?

அலுவலகக் குறிதான். முதல் எழுத்து வகையைச் சொல்லும். 'சி' (பச்சை என்பதில் வரும் அழுத்தமான ச) நடுத்தர டாங்கி. 'சூ-சென்ஷா' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'கே' இலகு டாங்கி, 'கே-சென்ஷா'. 'ஹொ' என்று தொடங்கினால் பீரங்கியை முக்கியமாக வைத்துக் கட்டிய வண்டி.

இரண்டாவது எழுத்து வரிசை எண். இரோஹா என்ற பழைய ஜப்பானியப் பாடலில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு முறைதான் வரும். அதனால் அந்தப் பாடலின் எழுத்து வரிசையையே எண்ணுக்குப் பதிலாகப் புழங்கினார்கள்: இ, ரோ, ஹா, நி, ஹொ, ஹெ, தோ, சி, ரி, நு. நம் அரசாணைகளில் (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவு போடுகிறோமே, அதே வேலை. சி-ஹா என்றால் நடுத்தர டாங்கிகளில் மூன்றாவது, அவ்வளவுதான்.

நான்காவதான சி-நி-யும் உண்டு. சி-ஹாவுக்குப் போட்டியாக ஒசாகா படைக்கலச் சாலை செய்து காட்டிய, சிறிய, மலிவான வண்டி அது. காசை எண்ணிப் பார்த்தவர்களுக்கு சி-நி பிடித்தது. டாங்கி ஓட்டுபவர்களுக்கு மிட்சுபிஷி செய்த கனமான சி-ஹா பிடித்தது. 1937 ஜூலையில் சீனாவோடு முழுப் போர் மூண்டு பணக் கட்டுப்பாடு தளர்ந்ததும் சி-ஹா ஜெயித்தது.

அப்போ 'ஹா-கோ'வும் மூணாவதா? அதுல 'சி'யும் இல்ல, 'கே'யும் இல்லையே?

மூன்றாவதுதான், ஆனால் வேறு வரிசையில். 'கோ' என்றால் எண். இ-கோ முதலாம் எண்: டைப் 89. ரோ-கோ இரண்டாம் எண்: டைப் 95 கன டாங்கி. ஹா-கோ மூன்றாம் எண்: டைப் 95 இலகு டாங்கி. சி, கே என்று வகை பிரிக்கும் முறை உறைவதற்கு முன் இட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் ஒருவருக்கு ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயரும் இருக்கும், அதைப் போல டைப் 89-க்கு சி-ரோ என்ற பெயரும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: 'ஹொ' முன்னால் வந்தால் பீரங்கி, பின்னால் வந்தால் ஐந்தாவது. ஹொ-நி வேறு, சி-ஹொ வேறு.

டைப் 3, 4, 5-ன்னு எண் ஒழுங்கா போகுது. எழுத்து மட்டும் நு, தோ, ரி-ன்னு முன்ன பின்ன இருக்கே? அச்சுப் பிழையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அச்சுப் பிழை இல்லை. வரிசையில் தோ ஏழாவது, ரி ஒன்பதாவது, நு பத்தாவது. ஆனால் டைப் 3 என்பது சி-நு, டைப் 4 என்பது சி-தோ, டைப் 5 என்பது சி-ரி. கடைசியாக யோசித்த வண்டி முதலில் வந்திருக்கிறது.

எழுத்து, திட்டம் போட்ட வரிசை. எண், ஏற்றுக்கொண்ட ஆண்டு. அமெரிக்கர்களின் ஷெர்மன் டாங்கியை எதிர்க்க சி-தோவையும் சி-ரியையும் புதிதாக வரைந்துகொண்டிருந்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. ஷெர்மன் காத்திருக்கவில்லை. அதனால் 1943-ல் அவசரமாக ஒரு வழி பிடித்தார்கள்: ஏற்கெனவே கையில் இருந்த டைப் 1 சி-ஹெயின் உடம்பு, அதன் மேல் அகலமான புதுக் கூண்டு, அதற்குள் பழைய டைப் 90 களப் பீரங்கியிலிருந்து உருவாக்கிய 75 மி.மீ. பீரங்கி. அதுதான் சி-நு. நூற்றைம்பது சொச்சம் வண்டிகள் செய்து, அமெரிக்கர்கள் தாய்நாட்டில் இறங்கும்போது எதிர்ப்பதற்காக உள்நாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒன்றுகூடப் போரில் சுடவில்லை. சி-தோ இரண்டு முடிந்தன. சி-ரி ஒன்று, அதுவும் முடியாமலே நின்றது.

ஒரு நாட்டின் அவசரம் மூன்று எழுத்துகளில் தெரிகிறது. ஜப்பானிய டாங்கியின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

தகர டப்பான்னு சொல்றாங்களே, உண்மையா?

தகட்டின் கனத்தைப் பார்த்தால் ஆமாம். ஹா-கோவின் மிகக் கனமான தகடு 12 மி.மீ., சி-ஹாவினுடையது 25 மி.மீ. ஷெர்மனின் முன் தகடு ஐம்பதைத் தாண்டும். கனமான இயந்திரத் துப்பாக்கி ஹா-கோவைப் பக்கவாட்டில் துளைத்துவிடும்.

ஆனால் அதை எதற்காகச் செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முந்தைய டைப் 89 மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் திணறியது. காலாட்படையை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் புதிய படைப்பிரிவோடு ஓட ஒரு வேகமான வண்டி வேண்டியிருந்தது. எதிரி, டாங்கியை அடிக்கும் பீரங்கி அதிகம் இல்லாத சீனப் படை. வண்டியைக் கப்பலில் தூக்கி ஏற்ற வேண்டும், அகலம் குறைந்த ரயில் பாதையில் அனுப்ப வேண்டும், வலுவில்லாத பாலங்களில் ஓட்ட வேண்டும். இரும்போ முதலில் கடற்படைக்கும் விமானத்துக்கும் போனது. இத்தனைக்கும் நடுவில் ஏழரை டன்னில் ஒரு டாங்கி செய்தார்கள். 1935-ல் அது மோசமான வண்டி இல்லை.

அதன் எஞ்சினையும் சொல்ல வேண்டும். மிட்சுபிஷியின் காற்றால் குளிரும் டீசல் எஞ்சின், 120 குதிரைத் திறன். மஞ்சூரியாவின் குளிரில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் ரேடியேட்டரே வைக்கவில்லை. டீசல் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றிக்கொள்ளாது. மற்ற நாடுகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் டைப் 89-இன் பிற்கால வகையிலிருந்தே டீசலுக்கு மாறிவிட்டார்கள்.

ஹா-கோவுக்குள்ள எத்தனை பேர்? எப்படி உட்காருவாங்க?

மூன்று பேர். முன்னால் வலது பக்கம் ஓட்டுநர், அவருக்கு இடப்பக்கம் இயந்திரத் துப்பாக்கிக்காரர். கூண்டுக்குள் தளபதி மட்டும் தனியாக. கஷ்டமெல்லாம் அவருக்குத்தான். வெளியே பார்க்க வேண்டும், ஓட்டுநருக்குத் திசை சொல்ல வேண்டும், 37 மி.மீ. குண்டை எடுத்துத் திணிக்க வேண்டும், குறி பார்க்க வேண்டும், சுட வேண்டும். கூண்டின் பின்பக்க வலது மூலையில் இன்னொரு இயந்திரத் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அதை எதிரியை நோக்கித் திருப்ப வேண்டுமானால் கூண்டையே திருப்ப வேண்டும்.

வெயில் சூட்டையும், தட்டித் தடுக்கி விழும் அடியையும் தாங்க உட்சுவரில் கல்நார் மெத்தை ஒட்டியிருந்தது. மாடலின் கூண்டை ஒட்டும் முன் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு ஆள் முழங்கையை மடக்கிக் குண்டெடுக்க இவ்வளவுதான் இடமா என்று இருந்தது.

எங்க தாத்தா மலாயா தோட்டத்துல இருந்தார். ஜப்பான்காரன் டாங்கி ரோட்டுல போனதைப் பார்த்ததா சொல்வார். அது எந்த டாங்கி?

மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையில் ஹா-கோ, சி-ஹா இரண்டும் இருந்தன. தாத்தா இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். பக்கத்துக்குப் பெரிய சக்கரம் எத்தனை? ஹா-கோவுக்கு நான்கு, சி-ஹாவுக்கு ஆறு. தலையில் கைப்பிடிக் கம்பி மாதிரி வளையம் சுற்றியிருந்ததா? இருந்தால் சி-ஹா. அது கைப்பிடி அல்ல, வானொலி ஆன்டெனா.

மலாயாவில் இந்த டாங்கிகளின் பெரிய நாள் 1942 ஜனவரி 7, ஸ்லிம் ஆற்றுப் போர். பிரிட்டிஷாருக்கு மலாயா முழுவதும் ஒரு டாங்கி கூட இல்லை. எதிரில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படைவீரர்கள்: பதினோராவது இந்திய டிவிஷனின் இரண்டு படையணிகள். வாரக்கணக்கில் பின்வாங்கி, தூக்கமில்லாமல் சோர்ந்திருந்தவர்கள். மேஜர் ஷிமாதாவின் சுமார் முப்பது டாங்கிகள் விடியலுக்கு முன் நெடுஞ்சாலையிலேயே நேராக ஓட்டிக்கொண்டு வந்தன. காட்டுக்குள் சுற்றி வருவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நடுச்சாலையில் டாங்கி. சாலையோரம் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த பஞ்சாப் பட்டாளம் ஒன்று சுதாரிப்பதற்குள் சிதறியது. பாலத்துக்கு வெடி வைத்திருந்தார்கள். முன்னால் போன இளம் அதிகாரி ஒருவர் வண்டியை விட்டு இறங்கி வாளால் வெடிக் கம்பியை வெட்டினார். ஒரே காலையில் இரண்டு படையணிகளும் இல்லாமல் போயின. நான்கு நாளில், ஜனவரி 11-ல் கோலாலம்பூர் விழுந்தது.

இங்க இவ்வளவு ஜெயிச்சது, பசிபிக்குல ஏன் அப்படித் தோத்தது?

மலாயாவில் எதிரே டாங்கி இல்லை என்பதுதான் விடை. எதிரே சரியான பீரங்கி இருந்தால் என்ன ஆகும் என்பது அதற்கு முன்பே, 1939 ஜூலையில் மங்கோலிய எல்லையில் தெரிந்துவிட்டது. ஜப்பானியர் நோமோன்ஹான் என்று அழைக்கும் அந்தப் போரில் சுமார் எழுபது டாங்கிகளை ரஷ்யர் மேல் அனுப்பினார்கள். ரஷ்யர்களின் 45 மி.மீ. பீரங்கி தூரத்திலிருந்தே துளைத்தது. புல்லில் மறைத்து விரித்திருந்த மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள்கள் சங்கிலிப் பட்டையில் சுற்றிக்கொண்டு வண்டியை நிறுத்தின. நின்ற வண்டியை அடிப்பது சுலபம். சி-ஹா ஒன்றில் சென்ற ரெஜிமெண்ட் தளபதி அங்கேயே உயிர்விட்டார். அந்த மாதமே மிச்ச டாங்கிகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

சி-ஹாவின் 57 மி.மீ. பீரங்கி குட்டைக் குழாய். காலாட்படைக்குத் தடையாக இருக்கும் மண் அரணையும் இயந்திரத் துப்பாக்கியையும் நொறுக்க அது போதும். இன்னொரு டாங்கியின் தகட்டைத் துளைக்க வேகம் போதாது. 1944 ஜூன் 17 விடியற்காலை சைபான் தீவில் ஒன்பதாவது டாங்கி ரெஜிமெண்ட் நாற்பது சொச்சம் வண்டிகளோடு கரையேறிய அமெரிக்கர் மேல் பாய்ந்தது. வானில் வெளிச்சக் குண்டு எரிந்தது. தோளில் வைத்து ராக்கெட் சுடும் பசூக்காவும் ஷெர்மனும் ஒவ்வொன்றாக எரித்துப் போட்டன. அமெரிக்கா ஷெர்மன் வகை மட்டும் நாற்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் செய்தது. ஹா-கோ மொத்தம் 2,300 அளவு, சி-ஹா எல்லா வகையும் சேர்த்து 2,100 அளவு.

'ஷின்ஹோதோ சி-ஹா'ன்னு ஒரு பெட்டி இருக்கே, அது தனி டாங்கியா?

தனி டாங்கி இல்லை. ஷின் என்றால் புது, ஹோதோ என்றால் கூண்டு. உடம்பு பழைய சி-ஹா, தலை மட்டும் புதிது. நோமோன்ஹான் அடிக்குப் பிறகு வேகம் பிடித்த 47 மி.மீ. நீண்ட பீரங்கியை அதில் வைத்தார்கள். கிட்ட வந்தால் ஷெர்மனின் பக்கத் தகட்டைத் துளைக்கும். பிலிப்பைன்ஸின் லூசானில் 1945-ல் இரண்டாவது டாங்கி டிவிஷன் இந்த வண்டிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, மறைந்திருந்து சுட்டதற்குக் காரணம் அதுதான். 'காய்' என்ற சொல்லும் பெயரோடு வரும். திருத்தியது என்று பொருள்.

டைப் 92-ஐ 'கன கவச கார்'னு எழுதியிருக்காங்க. பார்த்தா டாங்கி மாதிரி சங்கிலிப் பட்டை இருக்கே?

டாங்கியேதான். அப்போது டாங்கி காலாட்படையின் சொத்து. குதிரைப்படைக்கும் ஒன்று வேண்டும் என்றபோது டாங்கி என்று கேட்டால் வம்பு, கவச கார் என்று கேட்டால் வம்பில்லை. அதே போல டைப் 94 குட்டி டாங்கிக்குத் 'தனிவகை இழுவை வண்டி' என்று பெயர். வெடிமருந்து வண்டியை இழுப்பதுதான் அதன் வேலை என்று சொல்லித் தொடங்கினார்கள். களத்தில் டாங்கியாகவே பயன்படுத்தினார்கள்.

கடற்படை இன்னும் ஒரு படி மேலே போனது. கா-மி என்ற நீந்தும் டாங்கிக்கு ஏட்டில் 'தனிவகை டைப் 2 எஞ்சின் படகு' என்று எழுதியது. முன்னும் பின்னும் பெரிய மிதவைப் பெட்டிகள், கதவுகளுக்கு ரப்பர் அடைப்பு, பின்னால் இரண்டு விசிறி. கரை தொட்டதும் உள்ளே இருந்தபடியே மிதவைகளைக் கழற்றிவிடலாம். அப்புறம் பார்த்தால் முழுக்க ஹா-கோவின் உறவுக்காரன். காமி என்றால் ஜப்பானிய மொழியில் கடவுள் ஆயிற்றே என்று கேட்பார்கள். இந்தக் குறிக்கும் கடவுளுக்கும் சம்பந்தம் இல்லை.

ஜப்பான் ஜெர்மனிகிட்ட டைகர் டாங்கி வாங்குச்சாமே?

ஒன்று வாங்கியது, பணமும் கொடுத்தது. 1943-ல் ஜெர்மனியில் இருந்த ஜப்பான் தூதர் ஓஷிமா அந்த டாங்கியைப் போய்ப் பார்த்தார். வண்டி பிரான்ஸின் போர்தோ துறைமுகம் வரை போயிற்று. ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ளதை உலகின் மறுகோடிக்குக் கொண்டுபோகக் கப்பல் வழியே இல்லை. கடைசியில் ஜெர்மன் படையே அதைத் திருப்பி எடுத்துப் போருக்கு ஓட்டிக்கொண்டு போயிற்று. ஜப்பான் மண்ணில் டைகர் ஓடியதாக வரும் படங்களை நம்பாதீர்கள்.

போர் முடிஞ்ச அப்புறமும் ஜப்பான் டாங்கி சண்டை போட்டுச்சுன்னு சொல்றாங்க. எப்படி?

ஜப்பான் சரணடைவதாகப் பேரரசர் வானொலியில் அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. ஜப்பானுக்கு வடக்கே உள்ள குரில் தீவுகளின் வடகோடியில் ஷும்ஷு என்ற சின்னத் தீவு. அங்கே இருந்த பதினோராவது டாங்கி ரெஜிமெண்ட் வண்டிகளை ஒப்படைக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. 18-ஆம் தேதி விடியற்காலை சோவியத் படை கரையிறங்கியது. கர்னல் இகேதா சுவேஓ தன் ரெஜிமெண்ட்டோடு மூடுபனிக்குள் மலைச்சரிவில் இறங்கினார். எதிரே டாங்கி இல்லை. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியும் கையெறி குண்டும் இருந்தன. அதுவே இந்தத் தகட்டுக்குப் போதும் என்பதை மேலே பார்த்தோம். இருபதுக்கு மேல் டாங்கிகள் அழிந்தன. இகேதாவும் திரும்பவில்லை. சில நாளில் மேலிட உத்தரவு வந்து துப்பாக்கிகள் ஓய்ந்தன.

ஜப்பானிய எழுத்தில் பதினொன்று என்பது ஒரு சிலுவைக் குறியும் அதன் கீழ் ஒரு கோடும். இரண்டையும் ஒட்டி எழுதினால் 'ஷி' என்ற எழுத்து கிடைக்கும். போர்வீரன் என்று பொருள். அந்த எழுத்தையே தங்கள் ரெஜிமெண்ட்டின் அடையாளமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பின் வந்த பதினோராவது டாங்கிப் பிரிவும் அதைக் கூண்டில் வரைந்துகொண்டது. ஷும்ஷு இப்போது ரஷ்யாவிடம் இருக்கிறது. அன்றைய ஹா-கோவும் சி-ஹாவும் சில இன்னும் அங்கே புல்லுக்கு நடுவில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.